காற்றை ஒட்டுக்கேட்டவர்

அவர் யாரையும் 'நீ' என்று சொல்லி நான் கேட்டதில்லை. சாயப்பட்டறையில் துணி அலசுகிறவர், லாரியிலிருந்து உப்பு மூட்டை இறக்குகிறவர், முந்தாநாள் பீகாரிலிருந்து வந்து தமிழில் ஒரு வார்த்தை தெரியாமல் முழிக்கிற பையன், எல்லாருக்கும் 'வாங்க', 'போங்க', 'ஏனுங்க'தான். திருப்பூரில் மரியாதைக்குப் பஞ்சமில்லை என்பது ஊரறிந்தது. ஆனால் இவருடைய மரியாதை வேறு ஜாதி. ஒருவரை வேலையை விட்டுத் துரத்தும்போதும், பத்துப் பேர் முன்னால் மானத்தை வாங்கும்போதும் அந்த 'ங்க' ஓரிடத்திலும் உதிராது. திட்டு வாங்கியவருக்குப் பாதி வழி போன பிறகுதான் திட்டு வாங்கியதே உறைக்கும்.

பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் என் பெயரையும் சொல்ல வேண்டிவரும். நாங்கள் அவரை மீட்டர்க்காரர் என்போம். முப்பத்தைந்து வயதிருக்கும். ஊரே எக்ஸ்போர்ட்டில் கழிந்த டீ-சர்ட்டைப் போட்டுக்கொண்டு திரிந்தபோது, இவர் மட்டும் தேய்த்த முழுக்கைச் சட்டையில் வருவார். பையில் பேனா இரண்டு, ஒரு சின்ன பிரஷ். நான் அங்கே லேபில் வேலை பார்த்த பெண். சாயத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து, உப்பு எவ்வளவு, நிறம் எவ்வளவு என்று பார்த்து ரிஜிஸ்டரில் எழுதுவது என் வேலை. அவருக்கும் லேபிலேயே ஒரு மேசை போட்டிருந்தார்கள். இரண்டாயிரத்துக்குப் பிறகு சாயப்பட்டறைகள் எல்லாம் கழிவுநீரைச் சுத்தம் செய்தே தீர வேண்டும் என்று நெருக்கிய காலம் அது.

சாயத் தண்ணீர் முதலில் வந்து விழுவது பூமிக்கடியில் இருந்த ஒரு பெரிய தொட்டியில். சம்பு என்போம். பனியன் துணியிலிருந்து கழிந்து வரும் பஞ்சு அதில் சேறாகப் படியும். பம்பின் வாயில் அந்தப் பஞ்சு கயிறு மாதிரி சுற்றிக்கொண்டால் தண்ணீர் ஏறாது. அப்போது ஓர் ஆள் இரும்பு ஏணியில் இறங்கிக் கையால் பிய்த்தெடுக்க வேண்டும். சேறு அழுகினால் உள்ளே விஷவாயு நிற்கும். எங்கள் துணியை வாங்குகிற வெளிநாட்டு பையர் ஆடிட்டுக்கு அனுப்பிய ஆள் இதைப் பார்த்துவிட்டு, உள்ளே காற்று நல்லதா கெட்டதா என்று எதை வைத்துப் பார்க்கிறீர்கள் என்று கேட்டார். கோழியை வைத்து என்று முதலாளி சொல்ல முடியுமா? இரண்டு மாதத்தில் காற்றை அளக்கிற பெட்டி ஒன்று கடல் கடந்து வந்து இறங்கியது. பெட்டியோடு இவரும் வந்தார்.

பெட்டியின் சூட்சுமம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதைச் சொல்லாமல் இவரைச் சொல்ல முடியாது. நீளமான குழாய் வழியாகச் சம்புக் காற்றைப் பெட்டி உறிஞ்சி, கட்டைவிரல் அளவு அறை ஒன்றில் அடைக்கும். அந்த அறைக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சத்தை, சுழலும் ஓட்டைத் தகடு ஒன்று வெட்டி வெட்டி அனுப்பும். மீத்தேன் என்ற வாயு விழுங்குகிற வெளிச்சம் அது. வாயு இருந்தால் வெளிச்சத்தை விழுங்கிச் சூடேறி உப்பும், வெளிச்சம் மறைந்தால் சுருங்கும். உப்பிச் சுருங்கி, உப்பிச் சுருங்கி, அது ஒரு மெல்லிய சத்தமாக மாறும். உள்ளே இருக்கும் மைக் அதைக் கேட்டு நம்பராகக் காட்டும். வாயு அதிகமென்றால் சத்தம் அதிகம். வாயு இல்லையென்றால் சத்தமில்லை, பூஜ்யம்.

ஆளைக் கொல்வது மீத்தேன் அல்ல, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிற வேறொன்று. ஆனால் எங்கள் சேற்றில் இரண்டும் ஒன்றாகத்தான் பிறந்தன. "அண்ணன் வந்தாத் தம்பி பின்னால வர்றான்னு அர்த்தமுங்க" என்பார். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த மைக்கின் சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்பார். அந்த நேரம் கேன்டீனில் ரேடியோ பாடக் கூடாது, யாரும் இருமக்கூடக் கூடாது. அப்போது அவர் முகத்தைப் பார்த்தால் பக்கத்து வீட்டுச் சண்டையைச் சுவரில் காது வைத்துக் கேட்கிற ஆள் மாதிரி ஒரு திருப்தி தெரியும்.

மனிதர்கள் சொல்வதை மட்டும் அவர் கேட்கவே மாட்டார். "வாயால சொல்லாதீங்க, நம்பரச் சொல்லுங்க" என்று மடக்கிவிடுவார்.

மீத்தேன் விழுங்குகிற அதே வெளிச்சத்தைச் சாராயத்தின் ஆவியும் கொஞ்சம் விழுங்கும். இதை அவர் கண்டுபிடித்த நாளிலிருந்து சம்பு ஆட்களுக்குச் சனி பிடித்தது. காலையில் வரிசையில் நின்று குழாயின் நுனியில் ஊத வேண்டும். குடிக்காதவர் ஊதினாலும் இரண்டு, மூன்று என்று ஏதாவது காட்டும். முப்பதுக்கு மேல் போனால் அவர் எழுந்து நின்று கும்பிடுவார். "இன்னைக்கு நீங்க ஊட்டுல ரெஸ்ட் எடுத்துக்கோங்க. நாளைக்கும் எடுத்துக்கோங்க." அவர்கள் ஊதிய நம்பரையெல்லாம் நான் ரிஜிஸ்டரில் ஏற்றுவேன்.

பிரிண்டிங் பிரிவிலிருந்து சம்பு வேலைக்கு மாறி வந்த ஒருவர் இருந்தார். பொட்டுச் சாராயம் தொடாத மனுஷன், மலைக்கு மாலை போட்டிருந்தார். பிரிண்டிங் டேபிள் துடைக்கிற தின்னர் அவர் கையிலும் சட்டையிலும் ஊறிப்போயிருந்தது. அவர் குழாயைக் கையில் பிடித்து ஊதியதும் நம்பர் தொண்ணூறைத் தாண்டியது. தின்னர் ஆவியும் அதே வெளிச்சத்தை விழுங்கும் என்று எனக்குத் தெரியும். என்னைவிட நன்றாக மீட்டர்க்காரருக்குத் தெரியும். மனுஷன் கழுத்து மாலையைத் தூக்கிக் காட்டினார். மீட்டர்க்காரர் இரண்டு கையையும் கூப்பி, "சாமி பொய் சொல்றீங்கன்னு நான் சொல்லலீங்க. மிசின் சொல்லுதுங்க" என்றார். அந்த ஆள் அதற்குப் பிறகு எங்கள் பக்கம் வரவில்லை. தின்னர் விஷயத்தை நான் பிறகு கேட்டேன். "தெரியுமுங்க. ஒருத்தருக்கு விட்டுக் குடுத்தா நாளைக்கு எல்லாருமே தின்னரும்பாங்க" என்று சிரித்தார்.

வீட்டிலும் அப்படித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோய், அடுப்பு மேடையில் ஒளித்து வைத்திருக்கிறார். சமையல் முடிந்து அவர் மனைவி சிலிண்டரை மூடிவிட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். பெட்டி மூடவில்லை என்றது. "நான் ஒரு வார்த்தை பேசலீங்க. நம்பரத் திருப்பிக் காட்டுனனுங்க. அழுதுட்டாங்க" என்று திங்கட்கிழமை எங்களிடம் வேடிக்கை மாதிரி சொன்னார். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அவர் ஏன் இப்படி ஆனார் என்று எனக்குத் தெரியாது. யாரோ பெரிய பொய்யாகச் சொல்லி ஏமாற்றியிருக்க வேண்டும். அல்லது யாருமே ஏமாற்றாமல் பிறவியிலேயே வந்ததாகவும் இருக்கலாம்.

கோழி விஷயத்துக்கு வருகிறேன். பெட்டி வருவதற்கு முன்னால் சம்புக்குள் காற்றைப் பார்த்தது கோழி. பல்லடம் பண்ணைகளில் எடை ஏறாமல் கழித்துப் போடுகிற கோழி ஒன்றைக் கருப்பையா அண்ணன் எப்போதும் பிளாஸ்டிக் கூடையில் வைத்திருப்பார். அவர் தெற்கேயிருந்து பிழைக்க வந்தவர். சம்பு இறங்குவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. கூடையைக் கயிற்றில் கட்டி இறக்கி, ஐந்து நிமிடம் கழித்துத் தூக்குவார். கோழி நின்றால் இவர் இறங்குவார். தலை தொங்கினால் புளோயரைப் போட்டுக் காற்றை அடித்து வெளியேற்றிவிட்டு மறுபடி கோழி.

மீட்டர்க்காரர் வந்த மாதமே எல்லாரையும் சம்பைச் சுற்றி நிற்கவைத்தார். ஒரு பக்கம் கோழி இறங்கியது, மறு பக்கம் குழாய். பெட்டியின் அலாரம் உடனே கூவிவிட்டது. கருப்பையா அண்ணன் கூடையைத் தூக்கப் போனார். மீட்டர்க்காரர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "இருங்க, அவசரப்படாதீங்க" என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கோழி இறக்கையை அடிக்கிற சத்தம் மேலே கேட்டது. பிறகு நின்றது. அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் விட்டுத்தான் தூக்கச் சொன்னார்.

"உங்க கோழிக்கு நாலு நிமிசமுங்க. என் மிசினுக்கு இருவது செகண்டுங்க. நீங்க ஆர நம்புவீங்க?"

அவர் சொன்னதில் தப்பே கிடையாது. பெட்டி நல்ல பெட்டிதான். அன்றோடு கோழி ஒழிந்தது. அடுத்த ஒன்றரை வருஷம் ஒருவருக்கும் மயக்கம்கூட வரவில்லை. கருப்பையா அண்ணனே பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு இறங்க ஆரம்பித்தார்.

பெட்டிக்கு ஒரே தொல்லை பஞ்சு. திருப்பூரில் மூச்சு விட்டால் மூக்கில் பஞ்சு நிற்கும். குழாயின் நுனியில் தையல் விரலுறை அளவுக்கு ஒரு சல்லடை மூடி உண்டு. அதில் பஞ்சு ஒட்டிக்கொண்டு, காற்று குறைகிறது என்று ஒரு சிவப்பு விளக்கு நாளுக்குப் பத்துத் தடவை எரியும். தினமும் பிரஷ்ஷால் தான் துடைக்கும்போது விளக்கு எதற்கு என்று ஒருநாள் அதன் வயரை அவரே பிடுங்கிவிட்டார்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு அவர் உடுமலைப் பக்கம் தன் ஊருக்குப் போயிருந்தார். கம்பெனியில் பூஜை எங்கள் கையில். சாயமெஷின், பாய்லர், கம்ப்ரசர், எடைத்தராசு, லேபில் இருந்த என் கண்ணாடிக் குடுவைகள் வரைக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தேன். அவர் மேசையில் பெட்டி இருந்தது. ஆள் உயிரைக் காப்பாற்றுகிற சாமானுக்கு வைக்காமல் எதற்கு வைப்பது? பெட்டி மேலே ஒரு பொட்டு வைத்தேன். குழாய் நுனியில் இருந்த சல்லடை உருண்டையாக, பொட்டு வைக்கத் தோதாக இருந்தது. குழைத்த சந்தனத்தை அதில் தாராளமாக அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தேன். பொரி, சுண்டல் கொடுத்து, பூசணி உடைத்து, மூன்று நாள் லீவு விட்டார்கள்.

திரும்பி வந்த காலையில் மீட்டர்க்காரர் பெட்டியைப் பார்த்துவிட்டு லேபில் இருந்த அத்தனை பேரையும் சுற்றிப் பார்த்தார்.

"இதுக்குப் பொட்டு வெச்சது ஆருங்க?"

"தெரியலீங்க சார். பூசை பண்ணுனவங்க ஆராச்சும் வெச்சிருப்பாங்க" என்றேன்.

"கையிருக்கறவங்க எல்லாம் தொடறதுக்கு இது உண்டியல் இல்லீங்க" என்று சொல்லிவிட்டு, ஈரத்துணியை எடுத்துச் சல்லடையை அழுத்தி அழுத்தித் துடைத்தார். சிவப்பும் மஞ்சளும் போய்ப் பளிச்சென்று ஆகிவிட்டது.

மூன்று நாள் ஓடாத பம்பு அன்று தண்ணீர் ஏற்றவில்லை. ஆள் இறங்க வேண்டும். வழக்கம்போல நான்கு பேர் வரிசையில் நின்று ஊதினார்கள். முதல் ஆளுக்குப் பூஜ்யம். இரண்டாவது ஆளுக்குப் பூஜ்யம். மூன்றாவது, நான்காவது, எல்லாம் பூஜ்யம். நான்காவதாக ஊதியவர் கருப்பையா அண்ணன். நான் வரிசையாக நான்கு பூஜ்யம் எழுதினேன்.

மனிதர் ஊதினால் ஒன்றாவது இரண்டாவது வர வேண்டும். சல்லடை அடைத்திருக்குமோ என்று எனக்குத் தோன்றியது. தோன்றியது என்று இங்கே ஒப்புக்கொள்கிறேன். சொன்னால் அவர் சல்லடையைக் கழற்றுவார், உள்ளே சந்தனத்தைப் பார்ப்பார், யார் வைத்தது என்று மறுபடி கேட்பார். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் தெரியாது என்று சொன்ன வாயால் நான்தான் என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு எத்தனை 'ங்க' போட்டு அவர் என்னைத் தோலுரிப்பார் என்று நினைத்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

சம்பு மூடியைத் திறந்ததும் கருப்பையா அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "சார், நாத்தம் கண்ணைக் கரிக்குது சார். புளோயரைப் போட்டுட்டு மத்தியானமா எறங்குறேனே."

மீட்டர்க்காரர் குழாயை இறக்கி, ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடிக் கேட்டார். "சத்தமே இல்லீங்க. ஜீரோங்க."

"இல்ல சார், நாத்தம்..."

"உங்க மூக்குக்கு நான் எப்படீங்க கையெழுத்துப் போடறது? பயமா இருந்தாச் சொல்லுங்க, வேற ஆளப் பாத்துக்கறனுங்க."

அண்ணன் என்னைப் பார்த்தார். எனக்கும் அவருக்கும் நல்ல பழக்கம். அவர் மனைவி பாண்டியம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தாள். வழியில் பார்த்தால் நின்று பேசிவிட்டுத்தான் போவாள். "என்னம்மா, எறங்கலாமா?" என்று அவர் கேட்டார்.

"ஜீரோதாண்ணா காட்டுது" என்றேன்.

இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினார். ஏணியில் ஏழாவது எட்டாவது படி இருக்கும், கையை விட்டுவிட்டார். ஐந்து பேர் கயிற்றை இழுத்தார்கள். சேறோடு மேலே வந்தவரைப் புரட்டிப் போட்டு நெஞ்சை அழுத்தினார்கள். மூச்சில்லை. மீட்டர்க்காரர் நகரவே இல்லை. பெட்டியைத் திருப்பி, இழுத்தவர்களிடம் காட்டிக்கொண்டிருந்தார். "இன்னும் ஜீரோதானுங்க காட்டுது. பாருங்க, ஜீரோங்க."

காலையில் லேபில் உறிஞ்சிய காற்றே பெட்டிக்குள் அடைபட்டுக் கிடந்திருக்கிறது. பெட்டி அதையேதான் திரும்பத் திரும்ப அளந்துகொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரிந்த சந்தனம் துணியோடு போய்விட்டது. மீதியை அவருடைய ஈரத்துணி சல்லடைக்குள் அழுத்தித் திணித்திருந்தது, அது காய்ந்து இறுகிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு வண்டி போன பிறகு அவர் லேபுக்கு வந்து கதவைச் சாத்தினார். குண்டூசியால் சல்லடையைக் குத்தி, வந்த பொடியை மோந்து பார்த்தார். அவர் தன் மூக்கை நம்பியதை நான் பார்த்தது அந்த ஒரே தடவைதான்.

"சந்தனமுங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. "நீங்க வெச்சீங்க. நான் தொடச்சனுங்க. ரெண்டு பேருமுங்க."

எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. அவர் பிரஷ்ஷால் பொடியைத் தட்டிவிட்டு, குழாயை என் பக்கம் நீட்டி ஊதச் சொன்னார். மூன்று காட்டியது. பிறகு ரிஜிஸ்டரைத் திறந்து, கருப்பையா அண்ணன் பெயருக்கு எதிரே நான் போட்டிருந்த பூஜ்யத்தின் மேல் விரலை வைத்தார்.

"இதுக்கு முன்னால ஒரு நாலு போட்டா நாப்பதுங்க. குடிச்சிருந்தவர நான் வேண்டாம்னனுங்க. சம்பு அளக்கறதுக்குள்ள அவரா எறங்கிட்டாருங்க. மிசின் பேர்லயும் தப்பில்லீங்க, சந்தனம் வெச்சவங்க பேர்லயும் தப்பில்லீங்க."

என் பேனாவையே எடுத்து என்னிடம் கொடுத்தார். நான் போட்டேன். நாலு போட எவ்வளவு நேரமாகும்? அதே பேனா, அதே மசி, ஒருவருக்கும் வித்தியாசம் தெரியாது. சாயங்காலம் போலீஸ்காரர்களும் ஆபீசர்களும் வந்தபோது அவர் அதே குழாயை அதே சம்பில் இறக்கினார். பெட்டி கூவியது. கருவி சரியாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டார்கள். கயிறு இழுத்தவர்களில் மூன்று பேர் வடக்கத்திப் பையன்கள். தீபாவளிக்கு முன்கூட்டியே லீவு என்று அன்றைக்கே ரயிலேற்றிவிட்டார்கள். மற்ற இருவரும் முதலாளியின் ஊர்க்காரர்கள், அவர்கள் வாயைத் திறக்கவில்லை. பிரேதப் பரிசோதனையில் விஷவாயு என்று வந்தது. குடியைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. அதை யாரும் கேட்கவும் இல்லை.

பத்து நாள் கழித்துப் பாண்டியம்மா வந்தாள். அண்ணனுடைய மாற்றுச் சட்டை, லுங்கி, டிபன் பாக்ஸ் எல்லாம் ஒரு பையில் லேபில் இருந்தது. அழுது அழுது முகம் உப்பியிருந்தது. மீட்டர்க்காரர் எழுந்து தன் நாற்காலியை அவளுக்கு இழுத்துப் போட்டார். "உக்காருங்கம்மா. தண்ணி குடிங்க."

அவள் உட்காரவில்லை. "ஸ்டேஷன்ல அவுக குடிச்சிருந்தாகன்னு சொல்றாக. எங்க புள்ள பொறந்தப்ப அது தலையில அடிச்சு சத்தியம் பண்ணிக் குடிய விட்டவுக. எட்டு வருசம் ஆச்சு. தெனம் வாசல்ல வச்சு நான் வாயை மோந்து பாத்துட்டுத்தான் உள்ள விடுவேன். நெசமாவா சார் குடிச்சிருந்தாக?"

"எனக்கு என்னங்கம்மா தெரியும்" என்றார் அவர் மிகப் பணிவாக. "அவங்கதானுங்க எழுதுனாங்க. அவங்களையே கேளுங்க."

அவள் என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லும்மா. நீ சொன்னா நான் நம்புறேன்."

சொல்ல எனக்கு இரண்டு வார்த்தை இருந்தது. அதில் ஒன்றைச் சொன்னால் என் வேலை, என் பெயர், போலீஸ், கோர்ட்டு. மீட்டர்க்காரர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

"ஆமாங்கக்கா. குடிச்சிருந்தாரு" என்றேன்.

பாண்டியம்மா முந்தானையால் கண்ணையும் மூக்கையும் அழுத்தித் துடைத்தாள். "பத்து நாளா ஒரு வாய் சோறு எறங்காம அழுதேனே. இந்தாளுக்கா அழுதேன்? புள்ள தலையில அடிச்ச சத்தியத்துக்கே துரோகம் பண்ணுனவனுக்கா?" பை மேசைமேல் இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. "நீங்களே எங்கயாச்சும் தூக்கிப் போடுங்க. எனக்கு வேணாம்."

வெளியே போய்ப் புருஷனை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே நடந்தாள். அழுகை நின்றுவிட்டிருந்தது. கேட் வரைக்கும் ஐம்பது அடிகூட இருக்காது, ஓடினால் பிடித்திருக்கலாம். நான் எழுந்திருக்கவில்லை.